சீவர்ட்டுக்குக் காபி இல்லை

“ஐரோப்பாக்காரங்க சண்டைக்குப் பிள்ளைங்களை ஒரு தடவை அனுப்பினது போதாதா? இனிமேலும் அனுப்பறோம்னு கையெழுத்து வேற போட்டுக் கொடுக்கணுமா?” என்று கேட்டார் சீவர்ட்.

பள்ளிக்கூட அறையில் ஊரே கூடியிருந்தது. அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்தப் பண்ணை ஊரின் விவாத மன்றம் சனிக்கிழமை மதியம்தான் கூடும். சாயங்காலம் மாடு கறக்கப் போக வேண்டுமே.

இனிப் போரே வராமல் தடுக்க நாடுகளெல்லாம் கூடி ஆரம்பித்திருக்கும் சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேரலாமா, கூடாதா? அன்றைய தலைப்பு இதுதான். ஜெயிக்கிற பக்கத்தையே ஊரின் கருத்தாக செனட்டருக்குக் கடிதம் போடுவார்கள்.

யார் எந்தப் பக்கம் என்பதை, ஊர்த் தபாலாபீஸையும் பார்த்துக்கொள்ளும் மன்றச் செயலாளர் பெர்த்தா முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எடுப்பாள். விழுந்த பக்கத்தைப் பேசியே தீர வேண்டும். அது மன்றத்தின் விதி.

‘கூடாது’ பக்கம் சீவர்ட். ‘சேரலாம்’ பக்கம் ஹால்வர். பிரான்சுக்குப் போருக்குப் போன அவர் மகன் ஐனார் திரும்பவில்லை. அதன் பிறகு ஒரு வருஷமாக மனுஷர் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அவர் மனைவி சிக்ரிட்தான் பிடிவாதமாக அவர் பெயரைக் கொடுத்து வைத்தாள்.

ஹால்வர் முதலிலேயே பேசி முடித்திருந்தார். வாதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகனின் கடைசிக் கடிதத்தை எடுத்துப் படித்தார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஏற்கெனவே காட்டிய கடிதம்தான் அது.

“‘இதுதான் கடைசிச் சண்டை அப்பா’ன்னு எழுதியிருக்கான். என் பையன் சொன்னது பொய்யாப் போகக் கூடாது. அதுக்கு ஒரு வழி இருக்குன்னா அதுல சேரணும். அவ்வளவுதான்” என்று உட்கார்ந்துவிட்டார்.

இதற்குப் பிறகாவது சீவர்ட் ஒப்புக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆள் விடவில்லை.

“காகிதத்துல எழுதி வெச்சாப் போர் நின்னுடுமா? இதுக்கு முன்னாடி மட்டும் ஒப்பந்தம் இல்லாமலா இருந்தது? எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டுத்தானே அடிச்சுக்கிட்டாங்க?”

பின்வரிசையில் சிலர் தலையாட்டினார்கள். சிக்ரிட் சீவர்ட்டை முறைத்தாள். ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். இவர் பிள்ளை முழுசாத் திரும்பி வந்துட்டானே’ என்று நினைத்துக்கொண்டாள்.

பதில் சொல்ல ஹால்வருக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். எழுந்திருக்க மாட்டார் என்றுதான் சிக்ரிட் நினைத்தாள். எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“சீவர்ட், வேலி சாஞ்சாத் திருப்பி நட்டு வைப்பியா, இல்லை, வேலியே வேண்டாம்னு விட்டுடுவியா? போன வருஷம் நீ விட்டுட்டே. உன் மாடெல்லாம் என் சோளத்துலதான் நின்னுது.”

அறையே சிரித்தது. சிக்ரிட்டும் சிரித்தாள். கணவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது.

கை தூக்கச் சொன்னார்கள். சேரலாம், முப்பத்து மூன்று. கூடாது, இருபத்தெட்டு. ஹால்வரைச் சூழ்ந்துகொண்டு எல்லோரும் முதுகில் தட்டினார்கள்.

சிக்ரிட் கெட்டிலை எடுத்துக்கொண்டு வரிசையாகக் காபி ஊற்றிக்கொண்டு வந்தாள். சீவர்ட் கோப்பையை நீட்டினார். அவள் பார்க்காதவள் மாதிரி தாண்டி அடுத்தவருக்கு ஊற்றினாள். அந்த ஊரில் அதற்குக் கன்னத்தில் அறைந்தே இருக்கலாம்.

சீவர்ட் காலிக் கோப்பையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பின்பக்கம் கோப்பை கழுவும்போது பெர்த்தா கேட்டாள். “ஏன் அப்படிப் பண்ணினே?”

“பின்னே? பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னாடி அப்படியா பேசறது? அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

“சீட்டுல விழுந்த பக்கம் சிக்ரிட்.”

“விழுந்தா? இவ்வளவு ஆசை ஆசையாவா பேசணும்?”

பெர்த்தா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“யார்கிட்டயும் சொல்லாதே, விதியை மீறினேன்னு என்னைப் பதவியை விட்டே தூக்கிடுவாங்க. ‘கூடாது’ன்னு சீட்டு விழுந்தது உன் வீட்டுக்காரர் பேருக்குத்தான்.”

சிக்ரிட்டின் கை தண்ணீரில் அப்படியே நின்றது.

“அப்போ தபால் வாங்க வந்த சீவர்ட் அதைப் பார்த்துட்டாரு. ‘பையன் எழுதினதை அப்பன் வாயாலேயே பொய்னு சொல்ல வைக்கணுமா? அந்தப் பக்கத்தை எனக்கு எழுது’ன்னாரு. எழுதினேன்.”

“அப்படின்னா ஏன் அந்த அடி அடிச்சாரு?”

“அவர் வெளியே போறப்ப நானும் அதைத்தான் கேட்டேன். ‘நான் விட்டுக்கொடுத்திருந்தா ஹால்வர் கண்டுபிடிச்சிருப்பான். அப்புறம் அவன் ஜெயிச்சதா ஆகுமா?’ன்னாரு.”

ஜன்னலுக்கு வெளியே சீவர்ட் குதிரைக்குக் கடிவாளம் மாட்டிக்கொண்டிருந்தார்.

சிக்ரிட் கையைக்கூடத் துடைக்கவில்லை. கெட்டிலையும் ஒரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு, சால்வையை மறந்துவிட்டு, பனியில் இறங்கினாள்.