காலி இடத்தில் ஒருவன்

படத்திலிருந்து ஒருவரை நீக்கினால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பது சீனாவின் சிங்தாவ் நகரத்து அரசுப் படத்திருத்தக் கூடத்தின் விதி. அங்கே வேறொருவரை நிறுத்தியாக வேண்டும்.

பவளத்திட்டில் அண்டை நாட்டோடு நடந்த மோதல் நடக்கவேயில்லை என்று தலைமை முடிவெடுத்தபோது, அதில் மூழ்கிய மாலுமிகளை எல்லாப் படங்களிலிருந்தும் அங்கே வேலை பார்த்த ஷுஃபென்தான் நீக்கினாள். அவர்களில் ஒருவன் அவளுடைய மகன் போவன். நடக்காத மோதலில் செத்தவனுக்காக யாரும் துக்கம் கேட்டு வரவில்லை. அவள் கண்ணெதிரே அவன் தோளைத் தட்டிக் கப்பலேற்றிய தளபதி ஹுவோவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

இப்போது ஹுவோவும் தலைமையின் கோபத்துக்கு ஆளாகி வீட்டுக் காவலில் இருந்தார்.

“அக்கா, உங்க தளபதி கவுந்துட்டாரு! நீக்கச் சொல்லி உத்தரவு,” என்றான் பக்கத்து மேசை லியாங்.

ஷுஃபென் ஒளித்து வைத்திருந்த மகனின் முகத்தை எடுத்தாள். அணிவகுப்பு மேடையில், பாடநூலில், ஹுவோ நின்ற இடங்களிலெல்லாம் போவனை நிறுத்தினாள்.

“மாட்டினா உங்களையும் நீக்கிடுவாங்கக்கா.”

“அப்போ என் இடத்துலயும் இவனையே நிக்க வை.”

கூடத்தோடு இணைக்கப்பட்ட மின்திரைச் சுவர்ப்படங்கள் நாடெங்கும், வீடுகளுக்குள்ளும், தாமாகவே மாறின. மாலையில் ஹுவோவின் மனைவி கூடத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.

“எங்க கல்யாணப் படத்துல என் பக்கத்துல யாரோ சின்னப் பையன் நிக்கிறான். அதைப் பார்த்ததுலேருந்து இவர் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்ப மாட்டேங்கிறார். யாரும்மா இவன்?”

“அவரையே கேளுங்க, நல்லாத் தெரியும்,” என்றாள் ஷுஃபென். “இனிமே உங்க வீட்டுலதான் இருப்பான்.”