ஆறு கால் இலை

ஸ்பிரிட் காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும்.

அவள் பிரஷ்ஷைத் தோய்த்துக் கல்லின் மேல் மறுபடி தடவினாள். வெளிறிக் கிடந்த களிக்கல் கறுத்தது. கறுத்ததும், விரல்நகம் அளவு இலை ஒன்று துலங்கி வந்தது.

இலைக்குக் கால் இருந்தது.

எண்ணினாள். ஒரு பக்கம் மூன்று. மறுபக்கம் இரண்டு. அந்தப் பக்கத்து மூன்றாவது கால் உடம்புக்கு அடியில் மடங்கி, நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

மழைக்காலத்திலிருந்து இந்தக் கல் பெரணி இலைகள் வைக்கும் தட்டில் கிடக்கிறது. வைத்தவள் அவள்தான். கல்லில் பதிந்த செடிகொடிகளைப் படிப்பவர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. நடுவில் ஒரு தண்டு, இருபுறமும் வரிசையாகச் சின்ன மடல்கள். அவ்வளவு போதும். பெரணி என்று தட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்த மடல்கள் செவுள்கள்.

தண்டாகத் தெரிந்தது வயிறு. நுனியில் வேர்போல் நீண்டிருந்தவை மூன்று வால்கள்.

மேஃப்ளை. விளக்கு வெளிச்சத்தில் மொய்த்து, விடிவதற்குள் செத்துக் குவியுமே, அந்தப் பூச்சியின் இளம்பருவம். சிறகு முளைக்கும்வரை அதற்குத் தண்ணீருக்குள்தான் வாழ்க்கை. அதுவும் நல்ல தண்ணீர். கடலில் தாக்குப்பிடிக்காது. இன்றைக்கும் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் இதே மூன்று வால், இதே செவுள் வரிசை. டைனோசர்கள் வந்தன, போயின. இந்தக் குடும்பம் பெரிதாக உருவம் மாறாமல் நீந்திக்கொண்டிருக்கிறது.

நல்ல தண்ணீர்!

பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

ஐந்து வருடமாக அவள் சொல்லிவருவது இதைத்தான். இந்தக் கல் கிடைத்த களிமண் குழி, ஒரு காலத்தில் ஏரியின் அடித்தரை; கடல் அதன் மேல் பிறகுதான் ஏறியது. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் செல்லையாவுக்கோ அது கடல். இளவயதில் அதே குழியின் மேலடுக்கில் ஒரு கடற்சிப்பி எடுத்தவர். அந்தச் சிப்பியைப் பிடித்துக்கொண்டே துறைத்தலைவர் நாற்காலிவரை வந்தவர். அவர் கையெழுத்துப் போடாமல் அவளுடைய ஆய்வேடு அலமாரியை விட்டு நகராது. "என்ன, உங்க ஏரியில தண்ணி ஏறிச்சா?" என்று கேட்காத ஆள் துறையில் பாக்கி இல்லை.

கல்லை இரு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

செல்லையா மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. தோற்றுப் பழக்கமில்லாதவர், அவ்வளவுதான்.

"பூச்சிதாம்மா. அருமையான பூச்சி. ஆனா ஆத்துல செத்தது, வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுக் கடலுக்கு வந்திருக்கலாமே? ஆடு மாடே வருது."

அவர் சொல்வது சரி. பிணம் ஒதுங்கிய இடத்தை வைத்து அது வாழ்ந்த ஊரைச் சொல்ல முடியாது.

ஐந்து வருடம் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கல்லை எடுக்கப் போனவள், போகுமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று குனிந்தாள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தாள். வெளிச்சம் கல்லின் மேல் தாழ்வாக ஓடியது.

முதுகில் ஒரு கீறல்.

கல்லில் விழுந்த விரிசல் என்று இதுவரை நினைத்திருந்தாள். கல் விரிந்திருந்தால் கல்லெங்கும் ஓட வேண்டும். இது தலைக்குப் பின்னால் தொடங்கி, நெஞ்சின் நட்டநடுவே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இருபுறமும் விளிம்புகள் லேசாகத் தூக்கியிருந்தன, தையல் பிரிந்த சட்டைபோல. சிறகு உறைகள் உள்ளே ஒன்றுமில்லாமல் தட்டையாகக் கிடந்தன.

மேஃப்ளை தண்ணீரை விட்டு மேலேறும்போது தோலை உரித்துப் போடும். சிறகு விரிந்த பிறகும் இன்னொரு முறை உரிக்கும். மற்ற பூச்சிகளெல்லாம் எப்போதோ கைவிட்ட ஆதிப் பழக்கம் அது.

இது தண்ணீரில் விட்ட தோல்.

வெங்காயச் சருகைவிட மெல்லியது. வெள்ளம் இதைக் கடல்வரை உருட்டிக்கொண்டு வந்திருந்தால் ஒரு செவுள் தேறாது, ஒரு வால் தேறாது. எல்லாம் அப்படியே இருக்கிறது. அசையாத தண்ணீரில், கழற்றிய இடத்திலேயே, மெல்ல அடியில் போய்ப் படிந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. பேராசிரியர் அறையில் யாரும் சிரிக்காத மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை சந்தோஷத்தையும் வைத்துக்கொள்ள உடம்பில் இடமில்லை.

"இது சாகவே இல்ல சார்."

"பின்ன?"

"பறந்து போயிருச்சு. சட்டைய மட்டும் இங்கயே கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு."

அவர் மறுபடி குனிந்தார். குமிழைத் திருகினார். கீறலைத் தலையிலிருந்து நெஞ்சுவரை பின்தொடர்ந்தார். திரும்ப மேலே போய் இன்னொரு முறை பின்தொடர்ந்தார்.

"அடேயப்பா" என்றார், தனக்குத்தானே.

எழுந்து சுவர்ப் பக்கம் போனார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரே வண்ணம் தீட்டிய வரைபடம் அங்கே தொங்கியது. குழிக்கு மேற்கே நிலம், பழுப்பு. குழியிலிருந்து கிழக்கே நீலம், தாள் முடியும்வரை நீலம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நீலத்தின் மேல் விரலை வைத்தார். விரல் கிழக்கே போனது. நின்றது. கொஞ்சம் திரும்பி வந்தது.

"ஏம்மா," என்றார். "எதிர்க்கரை எங்க இருந்திருக்கும்?"