பன்னிரண்டு பாட்டில்

அண்ணி சொன்ன அந்த விருந்துக் கதையைத் தம்பி பல வருஷமாக முழுசாக நம்பியதில்லை. அண்ணி பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் அதில் எங்கேயோ ஒரு தையல் விட்டுப்போயிருந்தது.

காரணம், அண்ணனை அவருக்குத் தெரியும். ஒருமுறை அவசரத்தில் அண்ணனின் ஒயின் பாட்டில் ஒன்றை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார் தம்பி. அண்ணன் தக்கையை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். தக்கையின் பக்கவாட்டில், அடியிலிருந்து தலைவரை, ஒரு சிவப்புக் கோடு.

"சூடு பட்டா ஒயின் தக்கையை மீறி ஏறிடும்டா. இதைப் பார்த்தாலே போதும், வாயில வைக்க வேண்டியதில்ல."

அதற்கப்புறம் இரண்டு வருஷம் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் அண்ணி மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் உயிராகச் சேர்த்தது பன்னிரண்டு பாட்டில். கிரெனாஷ் என்கிற திராட்சையில் செய்த சிவப்பு ஒயின். ஒரே ஒரு மலைச்சரிவில், கிழட்டுக் கொடிகளில் விளைகிற பழம். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்காது. தோட்டத்துக்காரருக்கு ஒன்பது வருஷம் கடிதம் எழுதி வாங்கினார். பின்னறையில் குளிர்க் கருவி போட்டு, கதவிடுக்கில் துணி அடைத்து வைத்திருந்தார். நம்ம பிள்ளைகளைக்கூட நீங்க இப்படிப் பொத்தி வளர்க்கலையே என்று அண்ணி கிண்டல் பண்ணுவாள்.

அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றைக்கு, ஆம்புலன்ஸுக்குப் பேசப் பேச அண்ணியின் போன் அணைந்துவிட்டது. பின்னறை வாசலில் கைக்கு அகப்பட்ட பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைச் சொருகினாள்.

பிடுங்கியது குளிர்க் கருவியின் பிளக்.

நடுக்கோடை. இருபது நாள் ஆஸ்பத்திரியே வீடு. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அடித்தது. பன்னிரண்டு தக்கையும் முண்டிக்கொண்டு மேலே வந்திருந்தன. கழுத்தோரமெல்லாம் ஒயின் கசிந்து பிசுபிசுவென்று காய்ந்திருந்தது.

ஈரத் துணியால் துடைத்தாள். தக்கைகளைக் கட்டை விரலால் அழுத்தினாள். பிளக்கைச் சொருகினாள். கருவி ஒன்றுமே நடக்காததுபோல் முனக ஆரம்பித்தது.

அதிர்ச்சி தரும்படி எதுவும் சொல்லக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு பாட்டிலுக்குத் தம்பிக்கு இரண்டு வருஷம் என்றால், பன்னிரண்டுக்குத் தனக்கு எத்தனை?

வீட்டுக்கு வந்த அண்ணன் பிழைத்து வந்ததைக் கொண்டாட நாள் குறித்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத் திறக்கப்போகிறாராம். கத்தரிக்கோலையும் கூப்பிட்டாயிற்றாம்.

கத்தரிக்கோல் என்பது அண்ணனின் சிநேகிதருக்குப் பட்டப்பெயர். ஒயின் ருசி பார்ப்பதே அவர் தொழில். மட்டமானதை ஊற்றினால் சபையிலேயே நறுக்கிவிடுவார். அண்ணி அவருக்கு ரகசியமாகப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"தங்கச்சி, பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. நீங்களே முந்திச் சொல்லிடுங்க."

தினமும் சொல்லிவிடத்தான் நினைத்தாள். மாத்திரைக்காக அண்ணன் வாயைத் திறப்பார். இவளுக்குத்தான் வாய் திறக்காது.

விருந்தன்று மேஜையைச் சுற்றி ஆறு பேர். தம்பி அப்போது வெளியூரில். அண்ணி வைத்த ஒவ்வொரு தட்டும் சத்தம் போட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். திறந்த தக்கை கை மாறிக் கை மாறி மேஜையைச் சுற்றி வரும். ஆளாளுக்கு முகர்ந்து பார்ப்பார்கள்.

அண்ணன் தக்கையை உருவினார். ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புது வெள்ளைச் சட்டை; தக்கை பட்ட கறை எதற்கும் மசியவில்லை என்று அண்ணி பிற்பாடு ரொம்ப நாள் புலம்பினாள்.

தக்கைக்காகக் கத்தரிக்கோல் நீட்டிய கையில் ஒயின் கோப்பையைக் கொடுத்தார். அவர் முகர்ந்தார். புருவம் ஏறியது. ஒரு மிடறு குடித்துவிட்டு வாயைத் திறந்தார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"இருப்பா, செத்துப் பிழைச்சவன் நான். முதல்ல நான் சொல்றேன்" என்றார் அண்ணன். டாக்டர் அனுமதித்த அந்த அரைக் கோப்பையை நிதானமாகக் குடித்து முடித்தார். "இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு இது போதும். என்ன சொல்றே?"

கத்தரிக்கோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லா இருக்கு" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அன்றிலிருந்து அண்ணிக்குக் கத்தரிக்கோல்தான் தெய்வம். தனக்காக நாக்கைக் கட்டிப்போட்டுக்கொண்ட மனுஷன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். அண்ணன் அதற்கப்புறம் விருந்தே வைக்கவில்லை. வருஷா வருஷம் கல்யாண நாளன்று தனியாக ஒரு பாட்டிலைத் திறந்து ஒரே ஒரு கோப்பை குடிப்பார். எப்படி இருக்கு என்று அண்ணி பயந்துகொண்டே கேட்பாள். அருமை என்பார். அப்படியே ஏழு பாட்டில் தீர்ந்தது.

போன மாசம் அண்ணன் காலமானார். காரியமெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, மிச்சமிருந்த நாலு பாட்டிலின் முன்னால் நின்றுகொண்டு அண்ணி அந்தக் கதையை மறுபடி சொன்னாள்.

"கடைசி வரைக்கும் உங்க அண்ணனுக்குத் தெரியாமலே போச்சு, பாவம். எல்லாம் கத்தரிக்கோல் அண்ணன் புண்ணியம்."

இத்தனை வருஷம் கேட்காமல் விட்டதைத் தம்பி அப்போதுதான் கேட்டார்.

"அண்ணி, அந்தத் தக்கையை அண்ணன் எதுக்குச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்?"