இருபது தோட்டா

"எம்புள்ள பயந்துட்டானா? அதை மட்டும் சொல்லுபா, போதும்."

எடுத்த எடுப்பில் முனிரத்தினம் இப்படிக் கேட்பார் என்று சைமன் எதிர்பார்க்கவில்லை. சென்னையில் நர்சிங் படிக்கும் தெற்கு சூடான் இளைஞன் அவன். பேரையும் ஊரையும் மட்டும் வைத்துக்கொண்டு செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, தெருத்தெருவாக விசாரித்து வந்து, இப்போதுதான் அவர் மகன் ராமராஜனின் படத்துக்கு மாலை போட்டிருந்தான்.

"வந்த புள்ளைகிட்ட என்ன கேள்வி இது?" என்று புருஷனை அதட்டினாள் ரேணுகாம்பாள். "நீ டீயைக் குடிப்பா. எம்புள்ளைக்கு நன்றி சொல்லணும்னு தேடிக்கினு வந்தியே, அதுவே பெருசு."

ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானுக்குப் போனபோது ராமராஜனுக்கு இருபத்திரண்டு வயது. அகதிகள் தங்கியிருந்த முகாமை ஓர் ஆயுதக் கும்பல் தாக்கியது. வாசலில் காவல் நின்றவன் அங்கேயே விழுந்தான்.

"அதுக்கில்ல ரேணு." முனிரத்தினம் மகனின் படத்தைக் காட்டினார். "பட்டாலியன்லயே குறி தப்பாம சுடுறவன் இவன்தான். மெடல் வாங்கினவன். ஆனா பாடியக் கொண்டாந்த சிப்பாய் சொன்னானே, துப்பாக்கில இருபது தோட்டாவும் அப்படியே இருந்துச்சுன்னு. ஒண்ணுகூட சுடல. ஏன்னு பன்னெண்டு வருசமா கேட்டுக்கினு இருக்கேன். சொந்தக்காரங்களே, 'பையன் பயந்துட்டான் போல'ன்னு என் காதுபடப் பேசிட்டாங்க."

சைமன் டீயைக் கீழே வைத்தான். மூன்று வருடத்தில் கற்ற தமிழில், வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசினான்.

"அவர் பயப்படல அப்பா. பயந்தது நான். எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. அவருக்கு முன்னாடி நின்னேன், இவ்ளோ கிட்ட. சட்டையில இருந்த பேரைப் படிச்சேன். என்னைப் பாத்ததும் துப்பாக்கிய இறக்கிட்டார். 'போடா, வூட்டுக்குப் போ'ன்னு கத்தினார். அந்தச் சத்தம் மட்டும் மனசுல நின்னுச்சு. சென்னைக்கு வந்து தமிழ் கத்துக்கினப்புறம்தான் அர்த்தம் புரிஞ்சுது."

ரேணுகாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகன் கடைசியாகப் பேசிய பேச்சை இத்தனை வருடம் கழித்து இன்றுதான் கேட்கிறாள்.

"நீ நல்லா இருக்கணும் கண்ணு." அவன் கன்னத்தை வழித்தாள். "உன்னை உள்ள அனுப்பிக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்கான். எனக்கு அது போதும்."

"நான் முகாம்ல இருந்தவன் இல்லம்மா." சைமன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "கும்பல் என் கையில துப்பாக்கியக் குடுத்து, எல்லாருக்கும் முன்னாடி என்னைத்தான் அனுப்புச்சு. சின்னப் பையன்னு அவர் என்னைச் சுடல. பின்னால வந்தவன் அவரைச் சுட்டுட்டான்."

முனிரத்தினம் குனிந்து, அன்று துப்பாக்கி பிடித்திருந்த அந்தக் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.