4,212 பறவைகள்

“மறுபடியும் நீங்களா?” என்றாள் வனத்துறை எழுத்தர். மூன்றாவது முறையாக மனுவோடு வந்து நின்றார் பெரியவர்.

“ஏரிப் பறவைக் கணக்கு பதினோரு வருஷமா 4,212-லயே நிக்குது. எழுதினவன் யாருன்னு கேட்டா, ஃபைலைக் காணோம்னே பதில் வருதும்மா.”

“விடுங்களேன் ஐயா. யாரோ ஒரு சோம்பேறி உட்கார்ந்த இடத்துலயே எழுதியிருப்பான்.”

“எப்படி விடுறது? அந்தக் கணக்கைக் காட்டித்தானே, ஏரி நல்லா இருக்கு, பாதுகாப்புத் திட்டமே வேண்டாம்னு அரசாங்கம் சொல்லுது? பழைய பீரோவுக்குப் பின்னால பாரும்மா.”

அலுத்துக்கொண்டே போய்ப் பார்த்தாள். ஃபைல் அங்கேதான் கிடந்தது. முதல் தாளில் ஐந்தைந்தாகப் பென்சில் கோடுகள். அவற்றின் மேல் காய்ந்துபோன பறவை எச்சம்.

பெரியவரின் முகம் மலர்ந்தது. “அந்த வருஷம் நிஜமாவே எண்ணினது. பாதியில மொத்தக் கூட்டமும் எழும்பிப் பறந்துடும். சனியன்களேன்னு திட்டிக்கிட்டே முதல்ல இருந்து எண்ணணும். மூணு நாள் ஆச்சு.”

அடுத்த பத்துத் தாள்களிலும் ஒரு கோடுகூட இல்லை. அதே எண், கீழே அதே கையெழுத்து. அவள் மனுவைத் திருப்பிப் பார்த்தாள். அதிலும் அந்தக் கையெழுத்துதான்.

“ஐயா, இது...”

“என் பேரைப் போட்டே பதில் அனுப்பும்மா.”

“ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“அடுத்த வருஷமும் போனேன். மழை தவறி ஏரி வத்திப்போயிருந்தது. எண்ணி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகலை. அதை எழுத மனசு வரலை.”