மடிக்குழந்தைக்கு டிக்கெட் இல்லை

ஜன்னல் கண்ணாடி சுக்குநூறாகச் சிதறியதும், கடைசி இருக்கையில் இருந்த இளம்பெண் சால்வைச் சுருளை மார்போடு இறுக்கிக்கொண்டு அலறினாள். “ஐயோ, என் புள்ள! யாராவது காப்பாத்துங்களேன்!”

வெளியே ஒரு கரடி. உடைந்த ஜன்னல் வழியே முன்னங்காலை உள்ளே விட்டு ஒரே வீச்சு. கேமராவும் கையுமாக எட்டிப் பார்த்த பெரியவரின் தோள் கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம்.

ஒரு தீவின் வனப் பூங்காக்களைச் சுற்றிக்காட்டும் சுற்றுலாப் பேருந்து அது. காலையிலிருந்து ஒரு முயல்கூடக் கண்ணில் படவில்லை என்று டிரைவரின் உயிரை எடுத்தவர்கள்தான் அதில் இருந்த அத்தனை பேரும். இப்போது கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

பார்வை மேடையில் எல்லோரும் இறங்கிப் படம் பிடித்துவிட்டு ஏறிய கொஞ்ச நேரத்தில், புதரைப் பிய்த்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தது கரடி. டிரைவர் ஒடித்துத் திருப்பியதில் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. வண்டி உறுமியதே தவிர, அசையக் காணோம்.

“பால் வாசனைக்குத்தான் வருது, வேற என்ன?” என்றாள் பக்கத்து இருக்கை அக்கா. “நீ வலது பக்கம் வந்துடும்மா. பாவம், காலையிலேருந்து ஒரு அழுகை கிடையாது. இருக்கிறதே தெரியல, தங்கமான புள்ள!”

அந்தப் பெண் வலது பக்கம் மாறினாள். கரடி வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தது. தகரத்தை அது நகத்தால் கீறிய சத்தத்தில் எல்லோருக்கும் பல் கூசியது.

அவள் பதறிப்போய் மறுபடி இடது பக்கம் ஓடினாள். கரடியும் இடது பக்கம் ஓடி வந்து கதவில் மோதியது. கதவு உள்பக்கமாக வளைந்தது.

இதையெல்லாம் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்த டிரைவர், என்ஜினை அணைத்துவிட்டு எழுந்து பின்னால் வந்தார். “ஏம்மா, இந்தப் புள்ள எங்க ஏறுச்சு?”

“உசுரு போற நேரத்துல டிக்கெட் கேக்குறான் பாருங்க!” என்று எகிறினான் அவள் கணவன். “மடிக்குழந்தைக்கு டிக்கெட் இல்லைன்னு உன் வண்டியிலதான்யா எழுதிப் போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?”

“டிக்கெட் கெடக்கட்டும் தம்பி. காலையில தலை எண்ணித்தான் ஏத்தினேன். உங்க ரெண்டு பேரைத்தான் பாத்தேன்.”

“டிக்கெட் இல்லாத தலையை எவன்யா எண்ணுவான்?” என்று அந்தப் பெண்ணின் கணவனுக்கு வக்காலத்து வாங்கினாள் அக்கா. அதுவும் நியாயம்தான். மடியில் இருப்பதை எந்த டிரைவரும் எண்ணுவதில்லை.

டிரைவர் இன்னும் கிட்டே வந்தார். குனிந்து சால்வையைப் பிடித்து இழுத்தார். “இப்படிக் குடும்மா அதை.”

“கரடிக்குப் போடப் போறான்! புடிங்க அவனை!”

யார் கத்தியது என்று தெரியவில்லை. அது போதும். கணவன் கையிலிருந்த இரும்புத் தண்ணீர்க் குடுவை டிரைவரின் வாயில் இறங்கியது. பல் தெறித்தது. ஒருவன் முடியைப் பிடித்தான், ஒருவன் முதுகில் மிதித்தான். தோள் கிழிந்த பெரியவர்கூட, வலியை மறந்து, நல்ல கையால் ரெண்டு வைத்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“பச்சப் புள்ளடா அது! நீயெல்லாம் மனுஷனா?”

டிரைவர் தரையில் சரிந்தார். சால்வையின் முனையை மட்டும் விடவில்லை. கைவிரல்களைக் கணவன் பூட்ஸ் காலால் நசுக்கினான். அப்போதும் விடவில்லை.

கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்று, உடைந்த ஜன்னலின் கம்பியைப் பற்றி உலுக்கியது. கம்பி பெயர்ந்துகொண்டு வந்தது.

“சுடுய்யா!” என்று வனக்காவலரைப் பார்த்துக் கத்தினான் கணவன். “எதுக்குச் சம்பளம் வாங்குற?”

வண்டிக்குக் காவலாக வந்தவர் அவர். துப்பாக்கி தோளில் தொங்கியதே தவிர, அதை யார்மீதும் நீட்டியதில்லை. மனித உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே சுடலாம் என்பது உத்தரவு. கீழே கிடந்த டிரைவரின் பக்கத்தில் வந்து நின்று, கரடியின் நெஞ்சுக்குக் குறி வைத்தார்.

“என்னை மன்னிச்சிடு தாயீ. புள்ளையா, நீயான்னு வந்தா, எனக்குப் புள்ளதான்.”

விரல் விசையை அழுத்தும் நேரத்தில், தரையில் கிடந்த டிரைவர் காலை உதறித் துப்பாக்கியின் அடியில் ஓர் உதை விட்டார். குண்டு கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. எல்லோருக்கும் ஒரு கணம் காது அடைத்துவிட்டது.

சால்வைக்குள்ளிருந்து முதன்முறையாக ஓர் அழுகைச் சத்தம் கேட்டது.

“ஐயோ, புள்ள பயந்துடுச்சு!” என்று அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “இன்னொரு குண்டு போடுய்யா!” என்று காவலரை உலுக்கினான் கணவன். காவலர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி குறி வைத்தார்.

டிரைவர் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். பலமெல்லாம் திரட்டிச் சால்வையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

“சுடாதீங்கண்ணே! இந்தப் புள்ளையோட அம்மா அதுதான்!”