ஒதுக்கி வைத்த அளவுகள்

ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் தீவு நகரமான நசினுவை விட்டு வெளியேற ஃபைசலுக்கு இருந்தது ஒரே வழிதான். சிட்னிப் பேராசிரியர் ஒருவர் அனுப்பிய படிக அளவுகளைக் கொண்டு மூலக்கூறின் வடிவத்தைச் சரியாக அமைத்துக் காட்டினால், வேலையும் விசாவும் கிடைக்கும்.

"சரிபார்ப்பதற்கென்று கொஞ்சத்தைத் தொடாமல் ஒதுக்கிவையும், எவ்வளவு என்பது உம் விருப்பம்" என்று அவர் எழுதியிருந்தார்.

இருபதில் ஒரு பங்கை ஒதுக்கினான். மீதியைக் கொண்டு அமைத்த வடிவம் அதனோடு பொருந்தவேயில்லை.

"அரே, அதையும் உள்ள போட்டுத் திருத்துங்க! ஒதுக்கினீங்களா இல்லையான்னு அங்க யாரு பாக்கப் போறா? பக்கத்து வீட்டையே கொளுத்திட்டானுங்க!" என்று அழுதாள் மனைவி அஸ்மா.

அவ்வாறே செய்தான். எண்கள் பொருந்தின, அந்தப் பங்கைத் தொடாமல் ஒதுக்கியதாகவே குறித்து அனுப்பினான்.

பதில் வந்தது: "நீர் ஒதுக்கியவற்றோடு உம் வடிவம் அற்புதமாகப் பொருந்துகிறது. உமக்கு அனுப்புமுன் நான் ஒதுக்கிவைத்தவற்றோடுதான் பொருந்தவில்லை."